‘உனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா’ என்று சொன்னதில் என்ன தப்பு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், பிசகு இருந்தால் திருத்துங்கள். அக்காவுக்கு 41 வயது. மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்து, 8 கீமோவில் 3 ஆகியிருக்கிறது. அவர் மதுரையில், நீங்கள் சென்னையில். சாயங்காலம் தவறாமல் போன். மூன்றாவது கீமோ ஏறிய நான்காம் நாள், “நான் செத்துட்டா இந்தப் புள்ளைங்கள யாருடா பாத்துப்பா?” என்று கேட்டிருக்கிறார். “அப்படியெல்லாம் பேசாதக்கா, உனக்கு ஒண்ணும் ஆகாது, பாசிட்டிவா இரு” என்று நீங்கள் சொல்ல, போனை வைத்துவிட்டார். பத்து நாளாக உங்கள் அழைப்பை எடுப்பதில்லை. “நல்லதுதானே சொன்னேன், இதில் என்ன தப்பு, இனி என்ன பேசுவது?” என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று சேர்த்திருக்கிறீர்கள்: “மனசு தளர்ந்தா நோய் பெருகும்னு அம்மா பயப்படுறாங்க.” உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அம்மா பயப்படுவது நிஜமானால், அக்காவை அழவிடாமல் தடுப்பது உங்கள் கடமை ஆகிவிடும். நிஜமில்லை என்றால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வீண் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. புற்றுநோய் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேலாக மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். கீமோ ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும், வராண்டாவில் நிற்கும் குடும்பத்தாரிடம் பேசுவதும்தான் என் வேலையில் பெரும்பகுதி. நான் மனநல மருத்துவர் இல்லை, மருந்து எழுதும் தகுதியும் எனக்குக் கிடையாது. உங்கள் அக்காவை நேரில் பார்த்ததும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மனவுறுதி நோயை வெல்லும் என்ற நம்பிக்கை வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு காலத்தில் ஆராய்ச்சியே துணை நின்றது. 1979இல் லண்டனில் ஸ்டீவன் கிரீயரும் அவரோடு இருந்தவர்களும் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் வந்த 69 பெண்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்து, போராடும் மனநிலை உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று எழுதினார்கள். 1989இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல், நோய் பரவிவிட்ட 86 பெண்களில் வாராவாரம் கூடிப் பேசும் குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் உயிரோடு இருந்ததாகச் சொன்னார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. வாட்ஸ்ஆப்பில் உங்கள் சித்தப்பா அனுப்பும் “மனமே மருந்து” ரகச் செய்திகளின் பின்னால் எங்கேயோ இந்தக் காலத்து நம்பிக்கையின் எச்சம் இருக்கிறது.

பிறகு நடந்தது அந்தச் செய்திகளில் வராது. 1999இல் மேகி வாட்சன் குழு 578 பெண்களிடம் அதே ‘போராடும் மனநிலை’யை அளந்து பார்த்தது. கிரீயரும் அந்தக் குழுவில் ஒருவர். போராடும் மனநிலையால் ஆயுளில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஸ்பீகலின் முடிவைச் சரிபார்க்க 235 பெண்களோடு கனடாவில் நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. கூடிப் பேசியவர்களுக்கு மனம் இலேசானது, வலியைத் தாங்கும் விதம் மேம்பட்டது, ஆனால் ஆயுள் நீளவில்லை. ஸ்பீகலே 125 பெண்களோடு திரும்பச் செய்து பார்த்து, மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை என்று 2007இல் தன் கையாலேயே எழுதினார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை உண்டு. அதே 2007இல் ஜேம்ஸ் காய்ன் குழு தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரின் விவரங்களை அலசியது. சிகிச்சை தொடங்கும்போது மனம் எப்படி இருந்தது என்பதை வைத்து யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே இதை உறுதியாகச் சொல்கிறேன்: அக்கா ஒரு நாள் அழுததால், பயந்ததால், “செத்துட்டா” என்று வாய்விட்டுச் சொன்னதால் அவருடைய கட்டி வளராது. அம்மாவிடம் இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டு, “டாக்டர், இவங்க அழுதா நோய் அதிகமாகுமா?” என்று கேளுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் வாயால் வந்தால் பாதிப் பயம் அங்கேயே இறங்கும். மீதிப் பாதி, மேலே ததாஸ்து தேவதை திரிந்துகொண்டிருக்கிறது, கெட்ட வார்த்தை காதில் விழுந்தால் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிடும் என்கிற பயம். அதோடு நான் சண்டைக்குப் போவதில்லை. பெற்ற வயிறு எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

இனி, அவ்வளவு தெளிவில்லாத பகுதி. வாட்சனின் அதே ஆய்வில் போராட்டக் குணம் உதவவில்லை என்றாலும், “இனி எதுவும் செய்வதற்கில்லை” என்று முற்றாகக் கைவிட்ட மனநிலை மிகுதியாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. மனச்சோர்வு நோய்க்கும் குறைந்த ஆயுளுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக வேறு ஆய்வுகளும் சொல்கின்றன. எது காரணம், எது விளைவு என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. நோய் உள்ளுக்குள் முற்றும்போது மனம் சோர்வதும் உண்டு. எனக்குக் கண்ணால் தெரிந்த ஒரு வழி மிகச் சாதாரணமானது: மனச்சோர்வில் இருப்பவர் கீமோ தேதியைத் தள்ளிப்போடுவார், மாத்திரையை விட்டுவிடுவார், காய்ச்சல் வந்தால் சொல்லாமல் படுத்திருப்பார். ஆனால் அன்றைக்குப் போனில் நீங்கள் கேட்டது அழுகையும் பயமும். மனச்சோர்வு நோய் என்பது வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, “ஒண்ணும் ஆகாது” என்பதில் என்ன தப்பு? என் கதை ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, வயது அறுபதுக்கு மேல், கருப்பைவாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சுக்குக் கூப்பிடுவதற்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், “எனக்கு இது தேறாதுன்னு தோணுதும்மா” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படித்ததெல்லாம் மறந்து, “அப்படிச் சொல்லாதீங்கம்மா, தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்” என்று கடகடவென்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்து, “சரி தாயி, நீ வெசனப்படாத” என்றார். நோய் அவருக்கு, ஆறுதல் எனக்கு. அதற்குப் பிறகு சிகிச்சை முடியும்வரை என்னிடம் சாப்பாட்டையும் பஸ்ஸையும் தவிர வேறு எதையும் பேசவில்லை.

உங்கள் அக்காவும் அன்றைக்கு உங்கள் குரலில் இதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். “பாசிட்டிவா இரு” என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு நம் பயத்தை அடக்கத்தான் சொல்கிறோம். கேட்பவருக்கு அது, “நீ இதைச் சொன்னால் என்னால் தாங்க முடியாது, தயவுசெய்து நிறுத்து” என்று விழுகிறது. நோயாளிகள் இந்த விஷயத்தில் ரொம்பக் கெட்டிக்காரர்கள். யார் முன்னால் எதைப் பேசலாம், யார் தாங்குவார், யார் உடைவார் என்று ஒரு வாரத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததாக எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் “எங்கம்மா ரொம்ப போல்டு” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு கெடுதல் உண்டு. மனது வைத்தால் நோய் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி, ஒருவேளை நோய் போகாவிட்டால் அந்தப் பழி யார் தலையில் விழும்? “நான்தான் சரியா மனச வச்சுக்கலையோ” என்று கேட்ட பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். நோய் திரும்பி வந்த அன்று கேட்டார். நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்று ஒரு தனித் துறையையே கட்டியெழுப்பிய ஜிம்மி ஹாலண்ட் என்ற மருத்துவர் இதற்கு ‘பாசிட்டிவ் சிந்தனையின் கொடுங்கோன்மை’ என்று பெயர் வைத்தார். 2000ஆம் ஆண்டில் எழுதினார். கொடுங்கோன்மை கடுமையான வார்த்தைதான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அது கடுமையாகத் தெரியவில்லை.

குடும்பக் குழுவில் சித்தப்பா “இடுக்கண் வருங்கால் நகுக” என்று போட்டதாகவும் அதற்கு அக்கா குழுவை விட்டே வெளியேறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குறளில் குறையில்லை. அது 63ஆம் அதிகாரம், இடுக்கண் அழியாமை. இடுக்கண் வந்தவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. சோபாவில் சாய்ந்தபடி ஒருவர் கீமோவில் இருப்பவருக்கு அனுப்பினால் அது வேறாகிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் வள்ளுவர் அதே ‘இடுக்கண்’ என்ற சொல்லைப் போட்டே எழுதியிருக்கிறார், நட்பு அதிகாரத்தில்: “உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு.” வேட்டி நழுவும்போது கை, “கவலைப்படாதே, நல்லதையே நினை” என்று சொல்லிக்கொண்டிருக்காது. போய்ப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பாவுக்கு 788ஆம் குறளை அனுப்பி வையுங்கள்.

நம் ஊரில் துக்கத்தைக் கையாளத் தெரியாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாவு வீட்டுக்குப் போனால் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒப்பாரி வைத்தார்கள். “எப்படி ஆச்சு?” என்று கேட்பார்கள், பறிகொடுத்தவள் முதலிலிருந்து சொல்வாள். அடுத்த ஆள் வந்ததும் திரும்ப முதலிலிருந்து. பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது குரலில் நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். யாரும் அவளை அழாதே என்று அதட்டுவதில்லை. அழாமல் உட்கார்ந்திருந்தால்தான் ஊர் பயப்படும், “அழுதுரு ஆத்தா” என்று உலுக்கும். சாவுக்கு இவ்வளவு இடம் கொடுத்த நாம் நோய்க்குக் கொடுக்கவில்லை. நோய் பார்க்கப் போகிறவர் கையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள், வாயில் அறிவுரை. “கௌதமி மீண்டு வரலையா? யுவராஜ் சிங் திரும்ப வந்து ஆடலையா?” யுவராஜுக்கு வந்தது மார்பகப் புற்றுநோயே இல்லை. மார்பகப் புற்றுநோயிலேயே ஹார்மோனுக்கு இணங்குவது, ஹெர்2 என்ற புரதம் மிகுந்தது, இரண்டிலும் சேராதது என்று பல வகை, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஒப்பிடுவதால் நோயாளிக்குக் கிடைப்பது ஒரு பரீட்சை பயம் மட்டும்.

அழுகையை அடக்கி முகத்தை நேராக வைத்துக்கொள்வது மற்றவர்களுக்காவது நல்லதா என்றால், அதுவும் சந்தேகம். 2003இல் எமிலி பட்லர் குழு செய்த ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். முன்பின் தெரியாத இரண்டிரண்டு பெண்களுக்கு மனதை உலுக்கும் படம் ஒன்றைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருத்தியிடம் மட்டும் ரகசியமாக, உணர்ச்சியை வெளியே காட்டாதே என்று சொல்லிவைத்தார்கள். அடக்கியவளின் எதிரே உட்கார்ந்து பேசியவளுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. என்ன நடக்கிறது என்று தெரியாமலே உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு சோதனை, அதுவும் ஆரோக்கியமான இளம்பெண்களிடம், அதனால் அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. இருந்தாலும், “எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கோம், ஆனா வீடே இறுக்கமா இருக்கு” என்று குடும்பங்கள் சொல்லும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

நடுவில் ஒரு சின்ன விஷயம், கொஞ்சம் உடம்பு சம்பந்தப்பட்டது. கீமோவுக்குப் பின் வாந்தி வராமலிருக்க டெக்சா என்கிற ஸ்டீராய்டை இரண்டு மூன்று நாள் கொடுப்பது வழக்கம். அந்த நாட்களில் தூக்கம் வராது, படபடப்பு, சிடுசிடுப்பு. நிறுத்தியதும் உடம்பும் மனசும் தொப்பென்று விழும். மூன்றாம் நான்காம் நாள் அழுகை என்பது எங்கள் வார்டில் காலண்டர் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம். அக்கா உங்களிடம் கேட்டது நான்காம் நாள். அவர் கேட்டது ஸ்டீராய்டின் பேச்சு, பொருட்படுத்தாதீர்கள் என்று சொல்லவில்லை. கேள்வி அவருடையதுதான். அது வெளியே வந்த வேகத்துக்கு மருந்தும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு கீமோவிலும் அதே நாட்களில் இப்படி ஆகிறதா என்று மாமாவை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டினால் மருந்தின் அளவையோ கொடுக்கும் நேரத்தையோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார்.

இப்போது, என்ன பேசுவது. முதலில் அறுந்ததை முடிச்சுப் போட வேண்டும். போன் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ், அரை நிமிடம். “அக்கா, அன்னைக்கு நீ புள்ளைங்களப் பத்திக் கேட்ட. நான் பயந்துபோய் பேச்ச மாத்திட்டேன். தப்புதான். உனக்கு எப்பப் பேசணும்னு தோணுதோ அப்பப் பேசு, இந்தத் தடவ கேக்குறேன்.” இதோடு நிறுத்துங்கள். “ஆனா நான் உன் நல்லதுக்குத்தான்...” என்று ஒரு வால் சேர்த்தீர்களானால் எல்லாம் போயிற்று.

அவர் பேசும்போது அந்தக் கேள்வி திரும்ப வரும். “யாரு பாத்துப்பா?” என்பதற்குள் பல கேள்விகள் இருக்கலாம், எது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். “பெரியவ படிப்பப் பத்தி யோசிக்கிறியா, சின்னவன் ராத்திரி உன்னத் தேடுவான்னு யோசிக்கிறியாக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அது பச்சையான ஏற்பாட்டுக் கேள்வி: பீஸ் யார் கட்டுவது, நகை யாருக்கு, பேங்க் கணக்கில் யார் பெயர். அப்படியென்றால் பேனாவும் தாளும் எடுத்து எழுதுங்கள். எழுதி முடித்த அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு தூங்கியதாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஏற்பாடு செய்வது சாவை வரவழைப்பது ஆகாது, இன்ஷூரன்ஸ் எடுத்தவரெல்லாம் மறுநாளே போய்ச்சேருவதில்லை. சிலருக்கு அது ஏற்பாடே இல்லை, வெறும் பயம். அப்போது பதில் தேடாதீர்கள். “பயமாத்தான் இருக்கும்க்கா” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். போனில் நாலு விநாடி மௌனம் நாலு நிமிடம் மாதிரி இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் நிஜமான வாக்கியம் வரும்.

பயத்துக்குப் பெயர் வைத்துச் சொன்னால் அதன் வேகம் தணியும் என்பதற்கு மாத்யூ லீபர்மேன் 2007இல் மூளை ஸ்கேன் வைத்து ஓர் ஆதாரம் காட்டினார்: முகப் படங்களைப் பார்த்து அதிலுள்ள உணர்ச்சிக்குச் சொல் தேடும்போது மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்தது. ஆய்வுக்கூடத்துப் படங்களும் உங்கள் அக்காவின் படுக்கையறையும் ஒன்றல்ல. ஆனாலும் என் இருபது வருட அனுபவம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

புத்தகத்தில் படித்த வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்காதீர்கள். “நீ மிகவும் வருத்தமாக உணர்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது” என்று பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுப்பார்கள், நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைச் சொன்னால் உங்கள் அக்கா, “என்னடா, கவுன்சிலிங் பண்றியா?” என்பார். “உன் கஷ்டம் எனக்குப் புரியுது”வும் வேண்டாம். முடி கொட்டிய தலையை ஒருநாளும் தடவிப் பார்க்காத நமக்கு என்ன புரியும்? “ஆமாக்கா”, “கொடுமதான்”, “அப்புறம்?”, “ம்”. நம் பேச்சில் இந்த ‘ம்’முக்கு உள்ள சக்தி எந்தப் பயிற்சி முகாமிலும் இல்லை.

நீங்கள் அழலாமா என்றால், அழலாம். அக்காவோடு சேர்ந்து கண் கலங்குவதில் தவறே இல்லை. அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைமைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். சூசன் சில்க் என்ற அமெரிக்க உளவியலாளர், தனக்கே மார்பகப் புற்றுநோய் வந்தவர், 2013இல் பேரி கோல்ட்மேனோடு சேர்ந்து செய்தித்தாளில் ஒரு கட்டுரை எழுதினார். அறுவைக்குப் பிறகு, யாரும் பார்க்க வர வேண்டாம் என்று இவர் சொன்னபோது, உடன் வேலை செய்த ஒருவர், இது உன்னை மட்டும் பற்றிய விஷயம் இல்லை என்று கோபித்துக்கொண்டாராம். அதிலிருந்து பிறந்த யோசனை: நடுவில் நோயாளி, அடுத்த வட்டத்தில் கணவனும் பிள்ளைகளும், அதற்கு வெளியே பெற்றோர், உடன்பிறந்தவர், அதற்கும் வெளியே நண்பர்கள். உள்பக்கம் திரும்பினால் ஆறுதல் மட்டும். புலம்பல் எல்லாம் வெளிப்பக்கம். உங்களுக்கும் புலம்ப ஒரு வெளிவட்டம் தேவை, ஒரு நண்பரோ, இது போன்ற இடமோ. இங்கே எழுதியதன் மூலம் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அம்மாவுக்கும் ஒருவர் வேண்டும். அதற்கு நீங்கள்தான் சரி.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். 14 வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது, அவ்வளவுதான் சொல்வேன். நோயின் பெயரை அம்மா வாயால் கேட்பது, கூகுளில் பார்ப்பதைவிட நல்லது.

எப்போது கவலைப்பட வேண்டும்? “செத்துட்டா” என்பது பயம். “செத்தாத் தேவல” என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். கீமோ நாட்களில் சோர்வும் பசியின்மையும் எல்லோருக்கும் வரும், அவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. பக்கவிளைவு அடங்கிய நாட்களிலும் எதிலும் பிடிப்பில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இருண்டு கிடந்தால், “நான் எல்லாருக்கும் பாரம்” என்று சொன்னால், கீமோவுக்கு வரமாட்டேன் என்றால், மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். 0 முதல் 10 வரை ஒரு தெர்மாமீட்டர் படத்தைக் காட்டி, இந்த வாரம் மனத்தவிப்பு எவ்வளவு என்று கேட்கும் முறை பல புற்றுநோய் மருத்துவமனைகளில் இருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதலாகப் பேசிப் பார்ப்போம். நீங்கள் போனிலேயே, “பத்துக்கு எவ்வளவுக்கா?” என்று கேட்கலாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, இது ஆய்வுகளில் உறுதியான விஷயம். அப்படித் தோன்றுகிறது என்று சொன்னால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனையோடு பேசுங்கள். டெலிமனஸ் 14416, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலும் பேசலாம்.

இவ்வளவும் சொன்னதால், இனி அக்கா முன்னால் துக்க முகத்தோடு உட்கார வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் ஒரு தொல்லை. எங்கள் கீமோ அறையில் சிரிப்பு நிறையவே உண்டு. விக்கைக் கழற்றி ட்ரிப் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, “இதுக்கும் ஒரு பாட்டில் ஏத்துங்க சிஸ்டர்” என்ற ஒரு பெண்ணை மறக்க முடியாது. சிரிப்பை அவர் தொடங்கட்டும், நீங்கள் கூடச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க நோயைப் பற்றிப் பேசாமல் பக்கத்து வீட்டு வம்பு பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அதுவும் சரி. அவரே, “நான் மீண்டு வந்துருவேண்டா” என்றால், “கண்டிப்பாக்கா” என்று நீங்களும் முழுமனதாகச் சொல்லலாம். நம்பிக்கை அவரிடமிருந்து வந்தால் அதைத் தாங்கிப் பிடிப்பது எளிது.

கடைசியாக, அடுத்த கீமோவுக்கு நேரில் போகும்போது தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். கீமோவில் பலருக்கு வாயில் இரும்பு வாடை அடிக்கும், எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் அதைக் கூட்டும். பீங்கான் கப் ஒன்றும் மரக்கரண்டி ஒன்றும் வாங்கிப் போங்கள். தலைக்குக் கட்ட மெல்லிய பருத்தித் துணி இரண்டு. தின்பதற்கு எது வாங்குவது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் கிளம்புவதற்கு முன்னால் அவரையே கேளுங்கள். போன வாரம் பிடித்தது இந்த வாரம் குமட்டும்.